ஜாதிக்காய் மணக்கும் மாடிப்படி

அவருடைய முழங்கையைப் பிடித்ததுதான் நான் செய்த முதல் தப்பு.

மருத்துவமனையின் ஆறாவது மாடியில் லிப்ட் திறந்தது. கறுப்புக் கண்ணாடியும் மடக்குக் கோலும், நெஞ்சோடு அணைத்த துணிப்பையுமாக ஒருவர் இறங்கி நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். இஸ்திரி போட்ட சட்டை. நகங்களை அவ்வளவு சுத்தமாக வெட்டிய ஆணை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்வையில்லாதவர் என்று தெரிந்ததும் எனக்குள் இருந்த தர்மவான் விழித்துக்கொண்டான். பாய்ந்து போய் அவர் முழங்கையைப் பற்றினேன்.

“கையை எடு” என்றார்.

“உதவிக்குத்தாண்ணே…”

“நான் கேட்டேனா?”

“இல்ல.”

“அப்ப எடு. எடுத்துட்டு முன்னால நட. நீ போட்டிருக்கிற சென்ட்டு கல்யாண மண்டபம் வரைக்கும் மணக்குது. பின்னாலயே வந்துருவேன்.”

கல்யாண மண்டபம்தான் என் பிழைப்பு என்று அவருக்குத் தெரியாது. கிள்ளான் வட்டாரத்து விருந்துகளில் மைக் பிடித்து, மாப்பிள்ளையைக் கிண்டலடித்து, கேக் வெட்டும்போது கைதட்டச் சொல்லி அதட்டுகிற அறிவிப்பாளன் நான். சட்டையிலிருந்து பேச்சு வரை எல்லாமே கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.

தலை நிமிர்ந்து முன்னால் நடந்தேன். முதல் திருப்பத்தில் திரும்பி ஒரு கதவைத் தள்ளினேன்.

“தம்பி, இது துணி வைக்கிற ரூம்” என்றார் பின்னாலிருந்து. “சலவை வாசனை வருது பாரு. வார்டு அந்தப் பக்கம். காப்பியும் கை கழுவுற ஸ்பிரிட்டும் மணக்குதே, தெரியலையா?”

கண் தெரிந்த நான், கண் தெரியாதவருக்குப் பின்னால் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அவர் பெயரை நான் எழுதக் கூடாது. “பேரைப் போட்டா மசாஜ் கடைக்கு விளம்பரம் பண்றேன்னு சொல்லுவாங்க” என்று தடுத்துவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் உடம்பு பிடித்துவிடும் தொழில் அவருக்கு. தன் விரல்களைப் பற்றி அவருக்கு இருந்த கர்வத்தை ஒரு சினிமா நடிகரிடம்கூடப் பார்க்க முடியாது. தினமும் காலையில் பசியாறுவதற்கு முன்னால் நகம் வெட்டுவார். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாத நாளிலும் வெட்டுவார். விரல்களுக்கு அடுத்தபடியாக மூக்கு. அதைக் கர்வம் என்று சொன்னால் போதாது, மதம் என்று சொல்லலாம்.

அந்த வார்டில் எட்டுக் கட்டில்கள். எனக்கு நாலாவது, அவருக்கு ஆறாவது. இருவருக்கும் ஒரே வியாதி, எலும்பு மஜ்ஜையில் வருகிற புற்றுநோய். இருவருக்கும் ஒரே வைத்தியம். ரத்தம் முழுவதையும் உண்டாக்குகிற குருத்தணுக்களை எங்கள் உடம்பிலிருந்தே எடுத்து உறையவைப்பார்கள். பிறகு கடுமையான மருந்து கொடுத்து மஜ்ஜையைத் துடைத்துக் காலிசெய்வார்கள். அதன்பின் உறையவைத்ததைத் திருப்பிக் கொடுப்பார்கள். அது போய் ஒட்டிக்கொண்டால் ஆள் பிழைப்பான். ஒட்டாவிட்டால் என்ன ஆகும் என்று நான் டாக்டரிடம் கேட்டேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, “ஒட்டும்” என்றார். பேனாவை மூடிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் வேலை எடுப்பது. குருத்தணுக்கள் எலும்புக்குள்ளே குடியிருக்கின்றன. அவற்றை ரத்தத்துக்கு வரவைத்தால்தான் இயந்திரத்தால் பிடிக்க முடியும். அதற்காகத் தினமும் வயிற்றில் ஊசி. இடுப்பெலும்பு உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல வலித்தது. நான் கூரை இடிய முனகினேன். அவர் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. ஐந்தாம் நாள் ரத்தத்தில் எண்ணிப் பார்த்தார்கள். அவருக்கு ஏராளம். எனக்குக் கிட்டத்தட்ட இல்லை.

“என் செல்லும் என்னை மாதிரிதாண்ணே” என்றேன். “லீவு நாள்ல வீட்டை விட்டு வெளிய வராது.”

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. செல் கிடைக்காவிட்டால் இந்த வைத்தியமே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் துக்கத்தை ஆற்றிக்கொள்ள, மனைவியை மிரட்டி வரவழைத்த நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் போர்வைக்குள் வைத்துப் பிரித்தேன். வெளிச்சாப்பாடு கூடாது என்பது வார்டின் சட்டம். இரண்டு கட்டில் தள்ளி ஆறாவதிலிருந்து ஒரு குரல்.

“மிஸ்ஸி! நாலாம் நம்பர்ல சம்பல். நெத்திலி போட்டது.”

மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் தாதி. அவளும் கிள்ளான்காரிதான். வந்து பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“காட்டிக்குடுக்கறீங்களேண்ணே, நியாயமா?”

“வயித்தால போயி செத்தா மட்டும் நியாயமா? அதுவும் ஆஸ்பத்திரி எதிர்ல இருக்குற மூணாவது கடைச் சம்பல். எண்ணெய் காறிப்போச்சு. அதுக்கே உன்ன மாட்டிவிடலாம்.”

அவருடைய கட்டிலின் கம்பியில் ஒரு கைக்குட்டை எப்போதும் கட்டியிருக்கும். ஜாதிக்காய் எண்ணெயில் நனைத்தது. கடையில் உடம்பு பிடித்துவிட அவர் பயன்படுத்துகிற எண்ணெய் அது. கழிவறைக்குத் தரை கழுவுகிற மருந்து, மிஸ்ஸியின் மேசைக்குக் காப்பி, தன் கட்டிலுக்கு ஜாதிக்காய். இப்படி ஒரு நாளில் வார்டு முழுவதையும் வரைபடம் போட்டுவிட்டார். கோலைக்கூட எடுக்க மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்த துரை மாதிரி நடப்பார். ஜாதிக்காயை நெருங்கியதும் நடை மெதுவாகும். கம்பியைத் தொடாமலே திரும்பி உட்காருவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

சம்பலுக்குப் பழிவாங்க வேண்டாமா? நான் மைக் பிடிக்கிறவன். மாப்பிள்ளையின் மாமனையே மேடையில் அழவைத்தவன்.

மறுநாள் பிற்பகல் அவர் குளிக்கப் போயிருந்தார். அவருடைய துணிப்பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தேன். எட்டுக் கட்டிலின் கம்பியிலும் தடவினேன். தண்ணீர்க் கலனில், கதவுக் கைப்பிடியில், ஜன்னல் ஓரத்தில் தடவினேன். குப்பி பாதியானது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். முதல் கட்டிலிலேயே நடை மெதுவானது. நின்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு திரும்பி உட்கார்ந்தார், ஒரு சீனக் கிழவரின் கால் மேல். கிழவர் கத்தினார். வார்டே சிரித்தது. நான் போர்வைக்குள் குலுங்கினேன்.

அவர் எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கேயும் ஜாதிக்காய். அதற்கடுத்த கட்டிலிலும் ஜாதிக்காய். மெல்ல நடந்து வார்டின் நடுவில் வந்து நின்றுவிட்டார். பின்னால் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து முன்னால் வந்தன. விரல்கள் காற்றில் எதையோ தேடின. அந்த மனிதரின் கைகள் எதையாவது தேடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு ஒவ்வொரு கட்டிலாக அணைந்தது.

“அண்ணே” என்றேன். “நான்தாண்ணே பண்ணேன். வாங்க.” எழுந்து போய்க் கையை நீட்டினேன்.

“கையை எடு.”

“அண்ணே, மன்னிச்சிருங்க…”

“மன்னிப்பு அப்புறம். மொதல்ல கையை எடு.”

சுவர் வரை போய், அதைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு கட்டிலையும் தொட்டுத் தொட்டு வந்தார். ஆறாவதில் கைக்குட்டையின் முடிச்சைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். வியர்த்திருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“ஒரே வாசனை எல்லா எடத்துலயும் இருந்துச்சுன்னா, அது எங்கயுமே இல்லாத மாதிரிதான் தம்பி. வீடு எதுன்னு தெரியல.”

மிஸ்ஸி எனக்கு ஒரு வாளி ஸ்பிரிட் பஞ்சைக் கொடுத்து, எட்டுக் கட்டிலையும் துடைக்கச் சொன்னாள். நான் துடைத்துக்கொண்டிருந்தபோது என் கோப்பைப் புரட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

“அண்ணே, இன்னிக்குச் சாயங்காலம் உங்களுக்கு ஒரு புது ஊசி. டாக்டர் எழுதியிருக்காங்க. அது என்ன செய்யும் தெரியுமா? இப்ப நீங்க அங்கிளுக்குச் செஞ்சீங்களே, அதத்தான்.”

“எண்ணெய் தடவுமா?”

“கேளுங்கலா. எலும்புக்குள்ள ஒரு ரசாயனம் சுரந்துக்கிட்டே இருக்கு. ஸ்டெம் செல்லு மேல அத மோந்து பாக்குற மூக்கு மாதிரி ஒண்ணு இருக்கு. அந்த வாசனை இருக்குற வரைக்கும் செல்லு அங்கயே ஒட்டிக்கிட்டிருக்கும், நகராது. அஞ்சு நாளாப் போட்ட ஊசி வீட்டு வாசனையக் கொறைச்சிச்சு. அங்கிளோட செல்லுக்கு அது போதும், வெளிய வந்திருச்சு. உங்களோடது பிடிவாதம். அதனால இந்த ஊசி மூக்கையே அடைச்சிரும். வீடு எதுன்னு தெரியாம ரத்தத்துல எறங்கிச் சுத்தும். காலைல மெஷின்ல நாங்க பிடிச்சிருவோம்.”

“அந்த ரசாயனத்துக்குப் பேரு?”

அவள் சொன்னாள். எழுத்தும் எண்ணும் கலந்து, ஏதோ காடியின் நம்பர் பிளேட் மாதிரி இருந்தது. இன்றுவரை எனக்கு வாயில் நுழையவில்லை.

ஆறாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது. “மிஸ்ஸி, வெளிய எடுத்தத திருப்பி உள்ள விடுவீங்கல்ல, எலும்புல ஊசி குத்தியா?”

“இல்ல அங்கிள். சாதாரணமா ரத்தக் குழாய்லதான். டிரிப் போடற மாதிரி.”

“அப்புறம் எலும்புக்கு யாரு கூட்டிக்கிட்டுப் போறது?”

“யாருமில்ல. அதுங்களே மோந்து பாத்துப் போயிடும். அதுக்குள்ள மூக்கு அடைப்பும் போயிருக்கும். மருந்து குடுத்து மஜ்ஜையக் காலி பண்ணுவோம்ல, காலியான எடம் முன்னவிட ஜாஸ்தி வாசனைய விடும்.”

அவர் கம்பியிலிருந்த கைக்குட்டையின் முடிச்சை இறுக்கினார். பிறகு அந்த ஆறு நாட்களில் முதல் தடவையாகச் சிரித்தார்.

“நம்ம ஜாதி” என்றார்.

என் பிடிவாதக்காரர்கள் மறுநாள் காலையில் வெளியே வந்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய்ச் சுழன்று, மறு கையில் திரும்ப ஏறியது. சாயங்காலம் ஒரு பையில் நீர்த்த தக்காளி சாஸ் மாதிரி ஏதோ சேர்ந்திருந்தது. என் உயிர் அதுதான் என்றார்கள். பார்க்க அப்படியொன்றும் கவர்ச்சியாக இல்லை.

சில வாரங்கள் கழித்து இருவரையும் மறுபடி சேர்த்தார்கள். இந்தத் தடவை தனித்தனிக் கண்ணாடி அறைகள், அடுத்தடுத்து. காற்றைக்கூட வடிகட்டித்தான் உள்ளே விட்டார்கள். மஜ்ஜையைத் துடைக்கிற மருந்து ஏறியது. வாய் வெந்துபோனது. என் தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் விடைபெற்றன. நேரில் பார்க்க முடியாததால் போனில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டோம். அவருக்கு என்னைவிட இரண்டு நாள் முன்னதாகச் செல்லைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எனக்குக் கொடுத்த அன்று, முகக்கவசத்தோடு வாசலில் நின்ற என் மனைவி, “என்னங்க இது, அவிச்ச சோளம் மாதிரி மணக்குது?” என்றாள். உறையவைக்கும்போது சேர்க்கிற மருந்து மூச்சு வழியாக வெளியேறும்போது அப்படி மணக்குமாம். நான் உடனே அண்ணனுக்குப் பதிவு அனுப்பினேன்: “பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில கப்புல விக்கிற சோளம் நான்தாண்ணே. வெண்ணெய் மட்டும் பாக்கி.”

பதில் வரத் தாமதமானது.

“என் ரூம்லயும் அப்படித்தான் மணந்துச்சாம். மிஸ்ஸி சொன்னாங்க. எனக்கு வரல தம்பி.” குப்பி மூடியைத் திருகுகிற சத்தம். “எண்ணெய்க் குப்பியத் தெறந்து மூக்குக்குள்ளயே வச்சுப் பாத்தேன். ஒண்ணுமே வரல. மருந்துல போயிருச்சு. இத்தன வருஷம் எல்லாரும் என்னக் குருடன்னு சொல்லும்போது எனக்கு விளங்குனதே இல்ல. இப்ப விளங்குது.”

நான் வாயில் வந்த மூன்று ஜோக்கையும் விழுங்கினேன். வெந்த வாய்க்கு அது கொஞ்சம் கஷ்டமான காரியம். வார்டின் நடுவில் காற்றைத் தேடிய அந்த விரல்கள் ஞாபகம் வந்தன. நான் அரைமணி நேரம் செய்ததை மருந்து இப்போது நாள் கணக்கில் செய்துகொண்டிருந்தது.

கழிவறைக்குப் போக அவரை மணியடிக்கச் சொன்னாள் மிஸ்ஸி. ரத்தப்போக்கை நிறுத்துகிற தட்டணுக்கள் குறைந்திருக்கிற நேரம், விழுந்தால் ஆபத்து. அவர் மணியடிக்கவில்லை. நெற்றியைக் கதவில் இடித்துக்கொண்டார். டாக்டர் வந்து திட்டினார். “கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதுல என்ன அங்கிள் கௌரவக் குறைச்சல்?” என்று மிஸ்ஸி அழாத குறையாகக் கேட்டாள்.

“கௌரவம் இல்லம்மா. இன்னிக்கு உன் கையப் பிடிச்சேன்னா, நாளைக்கு என் மூக்கு திரும்பி வரவேண்டிய அவசியமே இல்லன்னு நெனச்சுக்கும்.”

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. கட்டுப் போடுகிற துணியைக் கிழித்து, கட்டில் கம்பியிலிருந்து கழிவறைக் கதவு வரை இழுத்துக் கட்டச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு போய் வந்தார். எனக்குத் தெரிந்து அவர் பிடிக்க ஒப்புக்கொண்ட ஒரே கை அந்தத் துணிதான்.

அதன்பின் தினமும் காலை ஆறு மணிக்கு அவருடைய குரல் வரும். குப்பியின் மூடி திறக்கிற சத்தம், ஒரு நீண்ட மூச்சு, பிறகு, “இன்னிக்கும் இல்ல. நாளைக்குப் பாப்போம். உனக்கு?”

எனக்கு ரத்தப் பரிசோதனை முடிவு எட்டு மணிக்கு வரும். “பூஜ்யம்ணே. நாளைக்குப் பாப்போம்.”

வெள்ளை அணு என்று ஒன்று தலைகாட்டினால்தான் செல்கள் எலும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். செல்லைத் திருப்பி ஏற்றிய பத்தாம் நாள் எனக்குப் பூஜ்யம். அவருக்குப் பதினொன்றாம் நாளே எண்ணிக்கை ஏறிவிட்டது. மூக்கு மட்டும் வரவில்லை. எனக்குப் பதினொன்றாம் நாளும் பூஜ்யம். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு பேனாவை மூடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற என் மனைவியைப் பார்த்துக் கையசைத்தேன். நகைச்சுவையாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது, ஒன்றும் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் நான் அண்ணனுக்கு எதுவும் அனுப்பவில்லை.

அவரிடமிருந்து வந்தது.

“பதில் சொல்லாட்டி பரவால்ல. போனை வயித்து மேல வை. நான் உன்கிட்டப் பேசல, உன் செல்லுங்ககிட்டப் பேசறேன்.” தொண்டையைக் கனைத்தார். “எல்லாரும் கேட்டுக்கங்க. கழுத்துக் குழாய்ல எறங்கியாச்சு. நேரா இதயம். அங்க நிக்காதீங்க, கூட்டம். அடுத்தது நுரையீரல். அது மோனோரெயில் ஸ்டேசன் மாதிரி, முட்டி மோதி கொஞ்ச நேரம் மாட்டிக்குவீங்க. பயப்படாதீங்க, வெளிய போற வழி இருக்கு. அப்புறம் நல்லா சுத்துங்க. ஈரல், மண்ணீரல் எல்லாம் கூப்பிடும், சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துடுங்க. எலும்புப் பக்கம் வரும்போது ஒரு வாசனை வரும். வேகத்தக் கொறைங்க. சுவத்துல ஒரசிக்கிட்டே உருண்டு போங்க. வாசனை ஜாஸ்தியானா சரி, கொறைஞ்சா திரும்புங்க. யார்கிட்டயும் வழி கேக்காதீங்க. உங்க ஓனரு சொன்னா கேக்கவே கேக்காதீங்க, அவன் துணி ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருவான். வாசல் கெடச்சா தட்டாதீங்க, உள்ள போயிடுங்க. உங்க வீடுதான்.”

இதையெல்லாம் அவர் மிஸ்ஸியிடம் தினமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறார். தனக்காகக் கேட்டிருக்க மாட்டார், அவருடையதுதான் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதே. நான் அந்தப் பதிவை வயிற்றின் மேல் வைத்து நாலு தடவை போட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், ஐந்தாவது தடவை இடுப்பெலும்பு பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

பதினான்காம் நாள் எட்டு மணிக்கு மிஸ்ஸி உள்ளே வந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. “பூஜ்யம் புள்ளி ஒண்ணு” என்றாள்.

வாழ்நாளில் எத்தனையோ மேடையில் எத்தனையோ பேருக்குக் கைதட்டச் சொல்லியிருக்கிறேன். அன்று நானே தட்டினேன். அடுத்த அறைக்குக் கேட்டிருக்க வேண்டும், சுவரில் திருப்பி ரெண்டு தட்டு விழுந்தது.

அவரை எனக்கு முன்பாக வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கண்ணாடிக் கதவருகே வந்து நின்றார். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. அது தோளில் தொங்கியது, அவ்வளவு இளைத்திருந்தார். பக்கத்தில் நின்ற மிஸ்ஸியின் கை அவருடைய முழங்கைக்கு அரையங்குலம் தள்ளி, தொடாமல் கூடவே வந்தது. அவளும் கற்றுக்கொண்டிருந்தாள்.

“கடை அட்ரஸ் சொல்லுங்கண்ணே” என்றேன் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து.

“அட்ரஸ் எதுக்கு? உன் மூக்கும் மருந்துல போச்சுன்னியே, அது வந்ததும் வா. மோனோரெயில்ல எறங்குனா பூ வாசனை. பூவத் தாண்டுனா சாம்பிராணி. சாம்பிராணியோட மசாலா அரைக்கிற வாசனை கலந்துச்சுன்னா சரியான ரோடு. புதுச் சேலைக் கஞ்சி வாசனை வந்துச்சுன்னா நீ தாண்டிட்ட, திரும்பு. ஜாதிக்காய் வந்தா மேல ஏறு.”

“உங்களுக்குண்ணே? மூக்கு?”

“இன்னிக்கி இல்ல” என்று சொல்லிவிட்டு, கோலை விரித்துத் தரையைத் தட்டிக்கொண்டு போனார். அதற்கு முன் அவர் கோலால் தரையைத் தட்டிய சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

எனக்கு வாசனை திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் மனைவி சமையலறையில் எதையோ கருகவிட்டாள். “கருகுதுடி!” என்று நான் கத்தியதும் அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் கருகின குழம்பைக் கொண்டாடியது அந்த ஒரு நாள்தான்.

நாலாம் மாதம் பிரிக்பீல்ட்ஸ் போனேன். “போன்ல மேப்பு இருக்கு, போட்டுக்கிட்டுப் போங்கலா” என்றாள் மனைவி. போடவில்லை. பூ வந்தது. சாம்பிராணி வந்தது. மசாலாவுக்குப் பதிலாக வடை பொரிக்கிற வாசனை வந்தது. அது வழியில் இல்லாத வாசனை. ஆனாலும் பின்தொடர்ந்து போய் ரெண்டு வடை தின்றேன். பிறகு சேலைக் கஞ்சி. திரும்பினேன். மறுபடி வடை. மூன்றாவது சுற்றில், வடை மணம் மூக்கை விட்டு இறங்கியபின், ஐந்தடி நடைபாதையில் ஒரு தூணைத் தாண்டியபோது மூக்கில் அறைந்தது.

ஜாதிக்காய் லேசாக எங்கோ மேலே மணக்கவில்லை. தெருவிலேயே நின்று கூப்பிட்டது. மாடிப்படியின் முதல் படியிலிருந்து கைப்பிடி, சுவர், ஓரம் எல்லாம் எண்ணெய் பளபளத்தது. நடைபாதைத் தூணில்கூட ஒரு கை உயரத்துக்குத் தடவியிருந்தது. ஆனால் நான் அன்று தடவியது போல ஒரே மாதிரியாக இல்லை. தூணில் கொஞ்சம், முதல் படியில் கொஞ்சம் அதிகம், மேலே போகப் போகக் கெட்டியாக. வழுக்கிவிடாமல் நடுப்படியில் கால்வைத்து ஏறினேன். இரண்டாம் மாடி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“மூணு தடவ கீழ வந்துட்டுப் போன ஆளு யாரு? செருப்புச் சத்தம் கேட்டுச்சு” என்றார். “வடை எப்படி இருந்துச்சு?”

“வடை வாசனை தெரியுதாண்ணே? மூக்கு வந்துருச்சா?”

“அதெல்லாம் இல்ல. எவன் வந்தாலும் வழி தவறி அங்கதான் போறான்.” நகவெட்டியை மடித்தார். “பாதிதான் வந்திருக்கு. ஜாதிக்காய் மட்டும். அதுவும் முட்டுனாத்தான் தெரியுது.”

“அதனாலதான் படி பூரா எண்ணெயா? கடைக்காரங்க திட்டலையா?”

“திட்டுனாங்க. தெனமும் நானே தொடச்சு நானே தடவறேன்னு சொல்லிட்டேன். காலியான எடம் ஜாஸ்தி வாசனைய விடும்னு மிஸ்ஸி சொன்னாங்கல்ல? மூக்கு சின்னதாப் போச்சுன்னா வீட்டப் பெருசாக்க வேண்டியதுதான்.” எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “மொத வாரம் கீழ் படி வரைக்கும் போயிட்டு வந்தேன். அப்புறம் தூணு. அப்புறம் மருந்துக்கடை. இன்னிக்கிப் பூக்கடை. தனியாப் போலாம்னு இருந்தேன், நீ வேணா பின்னால வா. முன்னால வராத. அந்தச் சென்ட்ட இன்னும் மாத்தல நீ.”

கோல் மூலையில் சாத்தியிருந்தது. அவர் எடுக்கவில்லை.

பூக்கடைக்குப் போவது கஷ்டமாக இல்லை. பேச்சுச் சத்தம், மோனோரெயில் சத்தம் எல்லாம் அந்தப் பக்கம். பூக்காரம்மா கொடுத்த மல்லிகையை மூக்கருகே வைத்து நின்றார். நான் முகத்தைப் பார்த்தேன். அவர் உதட்டைப் பிதுக்கிப் பூவைத் திருப்பிக் கொடுத்தார். “நாளைக்குப் பாப்போம்மா” என்றார்.

திரும்பும்போதுதான் கஷ்டம். வெயில் ஏறி, நடைபாதையெங்கும் ஆட்கள். மருந்துக்கடை மூலையில் வழி இரண்டாகப் பிரிகிறது. அங்கே நின்றுவிட்டார். வார்டின் நடுவில் நின்றாரே, அதே நிலை. முகம் இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. பின்னால் கட்டிய கைகள் லேசாக அவிழ்ந்தன. எனக்கு வழி தெரியும். தூண் இருபது அடியில் இருக்கிறது. “லெப்ட்டுண்ணே” என்ற ஒரு சொல் என் தொண்டையில் நின்று துடித்தது. வாழ்க்கையில் ஒரு சொல்லை அடக்க நான் அவ்வளவு பாடுபட்டதில்லை.

கைநிறையப் பையோடு போன ஒரு அக்கா அவரைப் பார்த்துவிட்டாள். நல்ல மனசுக்காரி. பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, “அங்கிள், எங்க போகணும்? வாங்க” என்று அவர் முழங்கையைப் பற்றினாள்.

“கையை எடுங்க” என்றது ஒரு குரல். என்னுடையது.

அவள் திகைத்துப்போய் கையை எடுத்தாள். என்னை முறைத்தாள், முறைத்தது நியாயம்தான். அண்ணன் திரும்பவில்லை. ஒரு நீண்ட மூச்சை இழுத்தார், காலை ஆறு மணிப் பதிவுகளில் கேட்பேனே, அதே மூச்சு. முகம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றது. அவிழ்ந்த கைகள் மறுபடி முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

பிறகு இடது பக்கம் திரும்பி நடந்தார்.